கிஷ்கிந்தா எவ்வகையில் முதல்? ஒரு கேளிக்கைப் பூங்காவின் முன்சரித்திரம்

வினா

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் மார்க்கத்தை அடுத்துள்ள நிலப்பரப்பில், மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளரான நவோதயா அப்பச்சன் 1995 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 120 ஏக்கர் விஸ்தீரணத்தில் நிறுவிய கிஷ்கிந்தா என்னும் கேளிக்கைப் பூங்காவை, இந்தியாவின் முதல் தீம் பார்க் என்று வர்ணிப்பது சுற்றுலாக் கையேடுகளிலும், பத்திரிகைக் குறிப்புகளிலும், அப்பச்சன் 2012 இல் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளிலும் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே நிலைபெற்றுவிட்டது. அந்த வர்ணனை எவ்வளவு தூரம் சரி என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. சரியன்று என்று பட்டால், அப்பூங்காவுக்கு உரிய புதுமை எது என்பது அதனினும் முக்கியமான இரண்டாம் வினா.

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் இருந்துகொண்டு தாம்பரத்துப் பூங்காவைப் பற்றி எழுத ஒருவனுக்கு என்ன பாத்தியம் என்று கேட்போர் இருக்கலாம். பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914 முதல், சென்னை எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே தனுஷ்கோடிக்கு வந்து, அங்கிருந்து கப்பலிலே தலைமன்னாருக்குப் பிரயாணிகளைச் சேர்த்தது. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழிக்கும்வரை, மன்னாரிலிருந்து சென்னைக்குப் போன எவருக்கும் தாம்பரம் பரிச்சயமான பெயராகவே இருந்தது. அதுவுமன்றி, சுக்கிரீவனின் ராஜதானியான கிஷ்கிந்தையிலிருந்து புறப்பட்ட வானர சேனை அணை கட்டிக் கரையேறியதாக ஐதிகம் சொல்லும் நிலம் எங்கள் தீவின் மேற்கு முனையே. ஆகவே அந்தப் பெயரை விசாரிக்க எங்களுக்கும் சிறிது உரிமை உண்டு.

முதன்மைக்கு உரிமை கோருவோர்

காலவரிசையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கிஷ்கிந்தாவின் முதன்மை உடனே வீழ்ந்துவிடும். டெல்லி பிரகதி மைதானத்தில், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக விளங்கிய அப்பு என்ற யானைக்குட்டியின் பெயரைத் தாங்கி, 1984 நவம்பர் 19 அன்று திறக்கப்பட்ட அப்பு கர், அதற்குப் பதினோராண்டு மூத்தது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் தலைநகரத்துக் குழந்தைகளை மகிழ்வித்து 2008 இல் அது மூடப்பட்டது. மும்பைக்கு வடக்கே கோராய்த் தீவில் எஸ்ஸெல் வேர்ல்ட் 1989 இலேயே தோன்றிவிட்டது. சென்னையிலோ, தவணை முறையிலே வீட்டுப் பொருட்களை விற்றுப் பெயர்பெற்ற வி.ஜி. பன்னீர்தாஸ், ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் அமைத்த கோல்டன் பீச், எண்பதுகளில் தமிழ்ப் படங்களின் காதற் காட்சிகளுக்குத் தவறாத களமாகவும், ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களுக்கு யாத்திரைத் தலமாகவும் ஆகியிருந்தது. இவ்வளவும் இருக்க, கிஷ்கிந்தாவை முதல் என்பது எப்படி?

இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின், இப்போட்டியே சிறிது அற்பமாகத் தோன்றும். கவர்னர் டிரெவெலியன் காலத்தில், 1859 இல், இன்றைய சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பரந்த வெளியில் பீப்பிள்ஸ் பார்க் என்னும் பொதுஜனப் பூங்கா அமைந்தது. அங்கே குளங்கள் இருந்தன, வாத்தியம் வாசிக்கும் மேடை இருந்தது, மிருகக் காட்சிசாலை இருந்தது. ஆண்டு முடிவில் பார்க் பேர் என்ற பெருஞ்சந்தையும் கூடியது. 1886 டிசம்பர் 31 அன்று அந்தச் சந்தையின் ஓலைக் கொட்டகைகளில் பற்றிய தீ நூற்றுக்கணக்கான உயிர்களைக் கவர்ந்துகொண்ட கோரம், நகரத்தின் நினைவிலிருந்து இன்று அநேகமாக அகன்றுவிட்டது. ரிப்பன் மாளிகையும், மூர் மார்க்கெட்டும், பின்னர் விளையாட்டரங்கமும் அந்தப் பூங்காவின் நிலத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டன. எஞ்சியிருந்த மிருகக் காட்சிசாலையும் 1985 இல் வண்டலூருக்குப் பெயர்ந்தது; பத்தாண்டுகள் கழித்து அதற்குச் சில மைல் அப்பால் கிஷ்கிந்தா எழுந்தது. நகரத்தின் உல்லாசம் நகரத்தின் நடுவிலிருந்து பெயர்ந்து தெற்கு ரயில் பாதையின் ஓரமாகவே புறநகரை அடைந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். இந்த இடப்பெயர்ச்சியைக் கிஷ்கிந்தாவைப் பற்றி எழுதியோர் எவரும் போதிய அளவு கருத்தில் கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

முதன்மை வாதத்தை ஆதரிப்போர் இதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு. முன்னவை எல்லாம் ராட்டினங்களின் தொகுதிகளே. ஒரு கதையை, ஒரு கற்பனை உலகத்தை மையமாகக் கொண்டு எழுந்தது கிஷ்கிந்தாவே என்பர். இந்தச் சமாதானத்தில் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி என்பதைக் காண, பூங்காவின் வாயிலைவிட்டு, அதை நிறுவியவரின் படப்பிடிப்புக் கூடத்துக்குள் நுழைய வேண்டும்.

படப்பிடிப்புக் கூடத்தின் வாரிசு

அப்பச்சன் ஆலப்புழையில் தம் தமையனார் குஞ்சாக்கோ நடத்திய உதயா ஸ்டூடியோவில் தொழில் பயின்று, பின்னர் பிரிந்து, காக்கநாட்டில் நவோதயாவை நிறுவியவர். அவருடைய படங்களின் ஜாபிதாவை வரிசையாகப் பார்த்தால் ஒரு பிடிவாதம் புலப்படும்: 1978 இல் ‘தச்சோளி அம்பு’ அகலத்திரையில், 1982 இல் ‘படயோட்டம்’ எழுபது மில்லிமீற்றரில், 1984 ஆகஸ்ட் 24 அன்று, அவர் மகன் ஜிஜோவின் இயக்கத்தில், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’. கதையைவிடக் கருவியிலும், நடிகரைவிட வியப்பிலும் நம்பிக்கை வைத்த தயாரிப்பாளர் அவர் என்று நான் கொள்வதற்கு இவ்வரிசையே பிரமாணம்.

அந்தக் குட்டிச்சாத்தான் படத்தில் ஒரு பாட்டுக் காட்சி வருகிறது. குழந்தைகள் மூவர் அறையொன்றின் தரையில் நடந்து, அப்படியே சுவரில் ஏறி, கூரையிலே தலைகீழாக உலாவி, மறுசுவர் வழியாகத் தரைக்குத் திரும்புகிறார்கள். கணினி வித்தை எதுவும் எட்டாத காலத்தில் அது நிகழ்ந்த விதத்தை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கலை இயக்குநர் கே. சேகரின் யோசனைப்படி, அறை முழுவதும் பிரமாண்டமான ஓர் இரும்புச் சட்டத்துக்குள் கட்டப்பட்டது. நாற்காலியும் மேசையும் படங்களும் அசையாதபடி அந்தந்த இடத்திலேயே இறுக்கப்பட்டன. காமிராவும் அறையோடு பிணைக்கப்பட்டது. பிறகு இரு பக்கமும் நின்ற ஆட்கள் அந்தச் சட்டத்தை மெல்லச் சுழற்றினார்கள். குழந்தைகள் எக்கணமும் பூமியைப் பார்த்தே நடந்தார்கள், சுழன்றது அறை. ஆனால் அறையோடு தானும் சுழன்ற காமிராவுக்கு அறை அசையாததாகத் தோன்றியபடியால், திரையிலே சுழன்றவர்கள் குழந்தைகள் ஆனார்கள்.

இந்த உபாயம் திரைப்படத்திலே பிறந்ததன்று. 1894 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த குளிர்காலக் கண்காட்சியில் பேய் ஊஞ்சல் என்றொரு விநோதம் இருந்தது. ஜனங்கள் ஓர் அறையின் நடுவே தொங்கும் பெரிய ஊஞ்சலில் அமர்வார்கள். ஊஞ்சல் சிறிதளவே ஆடும். அவர்களைச் சூழ்ந்த அறையோ, தளவாடங்கள் ஆணியறையப்பட்ட நிலையிலே, முழுவட்டமாகச் சுழலும். உள்ளே இருந்தோர் தாங்களே தலைகீழாகக் கவிழ்வதாக எண்ணிப் பலகையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். அங்கே பார்வையாளர் அசையவில்லை, அறை அசைந்தது. காக்கநாட்டிலே பார்வையாளரின் கண்ணாகிய காமிராவை அறையோடு கட்டி, பலனைத் தலைகீழாக்கினார்கள். தத்துவம் ஒன்றே. திருவிழாக் கூடாரத்திலிருந்து திரைக்குப் போன அந்த வித்தை, பதினோராண்டு கழித்து, திரையை விட்டிறங்கித் தாம்பரத்துக்கு வந்தது என்றே சொல்லலாம். ஜிஜோவே பூங்காவின் உருவாக்கத்திலும் முக்கிய பங்குகொண்டார் என்பது இத்தொடர்ச்சியை உறுதி செய்கிறது.

உலக சரித்திரத்திலும் இவ்வுறவு புதிதன்று. 1901 இல் அமெரிக்காவின் பஃபலோ கண்காட்சியில் பிரெடரிக் தாம்ஸன் என்பவர், சிறகுள்ள கப்பலில் ஜனங்களை ஏற்றிச் சந்திரமண்டலத்துக்குக் கொண்டுபோவதாகப் பாவனை செய்த காட்சி, அடுத்த ஆண்டில் பாரிஸ் மாயாஜாலக்காரர் மெலியேஸ் எடுத்த நிலாப் பயணப் படத்துக்கு முந்தியது. அக்கப்பலின் லூனா என்ற பெயரே 1903 இல் கோனித் தீவின் லூனா பார்க்குக்கு வந்தது. பின்னர், 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அதன் வீதிகளையும் கோட்டையையும் வரைந்தவர்களுள் பலர் ஹாலிவுட் படப்பிடிப்புக் கூடங்களின் கலை இயக்குநர்களாகவே இருந்தார்கள். கட்டடத்தின் மேல்மாடியைக் கீழ்மாடியினும் சிறிதாக்கி உயரத்தைப் பெருக்கிக் காட்டும் அரங்கத் தந்திரம், அங்கே செங்கல்லிலும் மரத்திலும் நிரந்தரமாயிற்று. திறப்பு நாளோ ஒரு கேலிக்கூத்து: கள்ளச் சீட்டோடு வந்தவர்களால் கூட்டம் அழைக்கப்பட்டோர் தொகையைப் பெரிதும் தாண்டியது, குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தினால் குடிநீர் அருமையாயிற்று, புதிதாக இட்ட தார் வெயிலில் இளகிப் பெண்மணிகளின் பாதணிக் குதிகள் அதில் புதைந்தன. ஆயினும் ஏழு வாரங்களில் பத்து லட்சம் பேர் வந்தனர்.

இந்தியாவிலும் இதே கோலத்தைக் காணலாம். எஸ்ஸெல் வேர்ல்டைத் தொடங்கிய சுபாஷ் சந்திரா மூன்றாண்டில் ஸீ தொலைக்காட்சிக்கு அதிபரானார். ராமோஜி ராவின் திரைப்பட நகரம் 1996 இல் ஹைதராபாத்துக்கு வெளியே உதித்தது. ஆனால் அவர்கள் முதலாவதாகத் தொழிலதிபர்கள். தாமே படம் எடுத்து, தம் கூடத்திலேயே மாயத்தை வடித்துப் பழகிய கைகள் தமிழ்நாட்டில் ஒரு பூங்காவைக் கட்டியது கிஷ்கிந்தாவிலேதான். ஆகவே அதனுடைய சரித்திரத்தைச் சுற்றுலாத் துறையின் பகுதியாக எழுதுவதைக் காட்டிலும், தென்னிந்திய சினிமாவின் ஓர் அத்தியாயமாக எழுதுவதே பொருத்தம் என்பது என் துணிபு.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் இரண்டு வலிமையானவை. கிஷ்கிந்தா என்ற பெயருக்கும் உள்ளே இருந்தவற்றுக்கும் சம்பந்தம் மெலிது என்பது ஒன்று. நீர்ச் சறுக்குகளும், ராட்சத ராட்டினமும், வளைந்தோடும் ரயிலும் உலகெங்கும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. வாலி சுக்கிரீவர்களுக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இதை நான் பெரிதும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் சுந்தர காண்டத்தின் முடிவிலே, சீதையைக் கண்ட சேதியோடு திரும்பும் வானரர்கள், சுக்கிரீவனின் மதுவனத்திற் புகுந்து, காவலனையும் மதியாமல், தேனைக் குடித்துக் கூத்தாடி அட்டகாசம் செய்யும் கட்டத்தை நினைத்துப் பார்க்கும்போது, வயதான உத்தியோகஸ்தர்களும் மடித்துக் கட்டிய சேலையோடு தாய்மாரும் ஒரு பகல் முழுவதும் நீரிற் குதித்துக் கூச்சலிட அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு, இதைவிட ரசனையான பெயரை யாரும் சூட்டியிருக்க முடியாது என்றே படுகிறது.

மற்றது, சினிமாவின் சம்பந்தம் இல்லாமலேயே பூங்காக்கள் செழித்திருக்கின்றன என்பது. பன்னீர்தாஸ் வியாபாரி, 2000 இல் கொச்சியில் வீகாலாண்டைத் திறந்து பின்னர் வொண்டர்லாவாக விரித்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, மின் அழுத்தத்தைச் சீராக்கும் கருவிகள் செய்தவர். உண்மைதான். கோல்டன் பீச்சின் மிகப் பிரபலமான காட்சியோ ஓர் இயந்திரமே அன்று: அரண்மனைக் காவலன் வேஷத்தில் மணிக்கணக்காகச் சலனமின்றி நிற்கும் ஒரு மனிதர். முகத்துக்கு முன்னே கை ஆட்டியும், கோமாளித்தனம் செய்தும், அவரைச் சிரிக்க வைக்க எத்தனையோ பேர் முயன்று தோற்றனர். வெற்றி பெறுவோர்க்குப் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. விளம்பரத்திலே தேர்ந்த வியாபாரியின் மூளையிலிருந்து பிறந்த விநோதம் அது. அப்பச்சனுக்கு அது தோன்றியிராது. கேளிக்கைப் பூங்காவுக்குக் கடையும் தகப்பன், தொழிற்சாலையும் தகப்பன், படப்பிடிப்புக் கூடமும் தகப்பன் என்று கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. கிஷ்கிந்தா மூன்றாவது வம்சத்தைச் சேர்ந்தது என்பதே என் வாதம்.

அங்கே ஜனங்களை அதிகம் கவர்ந்தவற்றுள் ஒன்றான செயற்கை அலைக் குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வித இயந்திரம் 1911 இல் டிரெஸ்டன் சுகாதாரக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே ஜெர்மானியக் குளிப்பிடம் ஒன்றில் நிலைபெற்றது. தாழ்வுபாட்டுக் கடற்றொழிலாளி ஒருவருக்கு, அலையிலே நிற்கக் காசு கொடுப்பது புரியாத விஷயம். சோளகம் வீசுங் காலத்தில் எங்கள் தென்கரையில் அலை வேண்டாமென்று மன்றாடவே மனம் வரும். ஆனால் மெரீனாவின் இழுப்பு எத்தனை பேரை விழுங்கியது என்பதை அறிந்த சென்னைக் குடும்பத்துக்கு, கழுத்தளவுக்கு மேல் போகாத, காவலர் விசில் ஊதினால் அடங்கிவிடுகிற கடல் ஒரு வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மதிலும் சீட்டும்

அந்த அடங்கிய கடலே நம்மை அடுத்த விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. குடும்பத்தோடு போகத்தக்கது என்ற நற்பெயரை இப்பூங்காக்கள் சம்பாதித்தது எவ்வாறு? வால்ட் டிஸ்னி 1951 இல் கோபன்ஹேகனின் டிவோலிப் பூங்காவைப் பார்த்து, அதன் சுத்தத்தையும் ஒழுங்கையும் மனத்திற் பதித்துக்கொண்டவர். கோனித் தீவின் அழுக்கையும் இரைச்சலையும் வெறுத்தவர். ஆதலின் தம் பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பி, ஒரே வாயில் வைத்து, வாயிலிலேயே காசு வாங்கினார். கிஷ்கிந்தாவும் அவ்வழியைப் பின்பற்றியது. வாயிற் சீட்டு வெறும் வரும்படி அன்று. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் வடிகட்டியும் அதுவே. நற்பெயரின் விலை அந்தச் சீட்டிலே அடங்கியிருந்தது.

அப்பச்சன் இதை முன்னமே கற்றிருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. குட்டிச்சாத்தான் வெளியானபோது, பலர் மாறி மாறி அணியும் முப்பரிமாணக் கண்ணாடியினால் மெட்ராஸ் ஐ என்னும் கண்நோய் பரவுகிறதென்ற வதந்தி கிளம்பிற்று. உடனே பிரேம் நசீர், ரஜினிகாந்த் முதலிய நடிகர்கள் தோன்றி, ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடிகள் சுத்திகரிக்கப்படுகின்றன என்று விளக்கும் பகுதியைப் படத்தின் தொடக்கத்திலே சேர்த்தார்கள். தாய்மாரின் அச்சத்தைத் தீர்க்காமல் குழந்தைகளை அழைக்க முடியாது என்ற அந்தப் பாடம், பொதுவிடத்து நீரிலே குடும்பங்களை இறக்கப் புறப்பட்டவருக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

எங்கள் பக்கத்தில் குடும்பக் கேளிக்கை வேறு வழியிலே வளர்ந்தது. மடுத்திருப்பதி என்னும் மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு, முற்காலத்தில் மாட்டு வண்டிகளிலும் பிற்காலத்தில் லொறிகளிலும் பஸ்களிலும் வந்து, காட்டு மர நிழலிலே கூடாரமிட்டு, நாட்கணக்காகச் சமைத்து உண்டு தங்கும் குடும்பங்களை எந்த மதிலும் வடிகட்டுவதில்லை, சீட்டும் கிடையாது, தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்த அடுப்புகளில் சோறு வடிப்பார்கள். விடிய விடிய ஆடப்படும் நாட்டுக்கூத்துக்கும் மணலே ஆசனம். ஊரூராகப் போகும் களியாட்டங்களில் சீட்டு உண்டு, ஆனால் அது ஒவ்வொரு விநோதத்துக்கும் தனித்தனி: மரணக் கிணற்றின் பலகை விளிம்பிலே நின்று, உள்ளே செங்குத்துச் சுவரில் மோட்டார்ச் சைக்கிள் சுழன்றேறும்போது பலகை காலடியில் அதிர்வதை உணர விரும்புபவன் மட்டுமே அங்கே காசைக் கொடுக்கிறான், மற்றவன் வெளிச்சத்தையும் பாட்டையும் இலவசமாக அநுபவித்துவிட்டு வீடு திரும்புகிறான். தனித்தனிச் சீட்டிலிருந்து வாயிற் சீட்டுக்கு மாறியதே, ராட்டினங்களின் எண்ணிக்கையினும் பெரிய மாற்றம் என்று நான் மதிப்பிடுகிறேன். அந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழக்கப்படுத்தியவற்றுள் கிஷ்கிந்தா தலையாயது.

இக்கரையிலிருந்து

1995 ஏப்ரலில் இலங்கையில் யுத்தம் மறுபடியும் மூண்டது. சூறாவளிக்குப் பின்பு மறுபடி ஓடிய தலைமன்னார்க் கப்பல் எண்பதுகளிலேயே நின்றுபோயிருந்தது. 1990 இல் நின்ற ரயில் 2015 இலேதான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன வழி, இரவிலே படகேறி, ராமர் அணையின் மணல் தீடைகளைக் கடந்து, கரை தெரியும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்கும் வழியே. மண்டபம் அகதி முகாமிலும் தமிழ்நாட்டின் பிற முகாம்களிலும் அப்படிப் போனவர்களின் குழந்தைகள் வளர்ந்தார்கள். தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் படித்தார்கள். அப்பாடசாலைகள் சுற்றுலா போன இடங்களுள் கிஷ்கிந்தாவும் ஒன்று. வாயிற் சீட்டு என்ற வடிகட்டியைப் பற்றி மேலே சொன்னது, முகாமின் உதவிப்பணத்தில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளைக்கு எப்படிப் பொருந்திற்று என்பதைப் பூங்காக்களைப் பற்றிய எழுத்து எதுவும் இதுவரை விசாரிக்கவில்லை.

இந்தியாவின் முதல் என்ற பட்டத்தைக் கிஷ்கிந்தாவிடமிருந்து எடுத்துக்கொள்வதால் அதற்கு நஷ்டமொன்றும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு திரைப்படக் கூடம் பெற்றெடுத்த முதற் பூங்கா என்ற இடம் அதற்குப் போதும். ஆனால் அதன் சரித்திரம் அதிபரின் பக்கத்திலிருந்து மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. முகாம் பிள்ளையாகவோ, பாடசாலைச் சுற்றுலாவிலோ, உறவினர் தயவிலோ அந்த வாயிலைக் கடந்தவர்களும், கடக்க இயலாமல் பஸ்ஸிலேயே இருந்துவிட்டவர்களும் இன்று தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் நாற்பதைத் தாண்டிய பெற்றோராக இருக்கக்கூடும். அவர்கள் கையில் ஒரு புகைப்படமோ, கிழிந்த சீட்டோ, ஒரு நாளின் ஞாபகமோ எஞ்சியிருக்குமாயின், அதை எழுதிவைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.